கரும்புள்ளி விழுந்த வாழைப்பழத்தின் உபயோகம்: குவாத்தமாலா நாட்டு ‘ரெயெனீத்தோ’ப் பலகாரம்

வாழை பயிரிடுவோருக்கு நேரும் நஷ்டங்களுள் காற்றினாலும் வியாதியினாலும் விளைவனவே பெரிதாகப் பேசப்படுகின்றன. தாரை வெட்டிய பின்னர் நேரும் நஷ்டமோ அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து, விலை வரும் காலம் பார்த்து விற்கலாம். வாழைத்தார் அவ்வாறன்று. வெட்டிய நாள் முதல் அது தன் போக்கிலேயே பழுத்துக்கொண்டு செல்லும். எந்த வியாபாரிக்காகவும் காத்திராது. தோல் மஞ்சளாக இருக்கும் வரையில் விலை நிற்கும். கரும்புள்ளி விழத் தொடங்கியதும் விலை இறங்கும். தோல் முழுவதும் கறுத்துவிட்டால் கேட்பாரே இரார்.

மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டிலும் இதே நிலைதான். ஆயினும் அந்நாட்டுக் குடும்பப் பெண்கள், கரும்புள்ளி விழுந்த வாழைப்பழத்தைக் கழிவென்று தள்ளுவதில்லை. அதற்கென்றே காத்திருந்து ஓர் இனிய பலகாரம் செய்கின்றனர். அதற்கு ‘ரெயெனீத்தோ’ என்று பெயர். சந்தையில் பழத்தின் மதிப்புக் குறையத் தொடங்கும் அந்த நாளே, இப்பலகாரத்துக்கு அப்பழம் முழுத்தகுதி பெறும் நாளாகும். அந்த நாளை அறிந்து கொள்வதே இதன் முதல் இரகசியம். பழத்திலும் பூரணத்திலும் ஈரம் மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது இரண்டாவது. இவ்விரண்டையும் அறிந்தவர்க்கு மற்றவையெல்லாம் எளிது.

பலகாரத்தின் தன்மை

‘ரெயெனோ’ என்னும் ஸ்பானிஷ் சொல்லுக்கு ‘உள்ளே நிரப்பப்பட்டது’ என்று பொருள். அதனோடு சிறுமையைக் குறிக்கும் விகுதி சேர்ந்து ‘ரெயெனீத்தோ’ என்றாயிற்று. பூரணம் வைத்த சிறு பண்டம் என்று அதனைத் தமிழில் கூறலாம். வேகவைத்து மசித்த வாழைப்பழமே இதற்கு மேல்மாவு. கறுப்பு பீன்ஸ் விதையை வேகவைத்து, மசித்து, சர்க்கரையும் கறுவாப்பட்டைத் தூளும் சேர்த்துக் கிளறியது உள்ளே வைக்கும் பூரணம். இரண்டையும் சேர்த்து முட்டை வடிவில் உருட்டி எண்ணெயில் பொரித்து, மேலே சர்க்கரையைத் தூவிப் பரிமாறுகின்றனர். சிலர் பாலாடையையும் உடன் வைப்பர். தமிழ்நாட்டுப் பூரணக் கொழுக்கட்டையில் அரிசிமாவு செய்யும் வேலையை இங்கே வாழைப்பழமும், பருப்புப் பூரணம் செய்யும் வேலையைக் கறுப்பு பீன்ஸும் செய்கின்றன என்று கொண்டால் இதன் அமைப்பு விளங்கிவிடும்.

இது விருந்துக்கென்று ஒதுக்கப்பட்ட பண்டமன்று. பிற்பகலில் காப்பியுடன் உண்ணும் சிற்றுண்டியாக வீடுகளிலும், மாலை வேளையில் சந்தைகளிலும், திருவிழாக்களிலும், கோயில் வாசல்களிலும் இதனைக் காணலாம். ஆன்டிகுவா நகரில் லா மெர்செத் என்னும் தேவாலயத்தின் முன்னுள்ள திறந்த வெளியில் கடை போடும் பெண்கள், மக்காச்சோளக் கஞ்சியோடு இதனையும் சுடச்சுட விற்பது வழக்கம்.

பொருள்கள் வந்த வழி

இச்சிறு பண்டத்தினுள் இரண்டு உலகங்களின் விளைபொருள்கள் சேர்ந்திருக்கின்றன. கறுப்பு பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்தின் பூர்விகப் பயிர். மக்காச்சோளத்துடன் சேர்த்து மாயா மக்கள் அதனைப் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்திருக்கின்றனர். வட இந்தியாவில் ராஜ்மா என்று வழங்கும் விதையும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். பூரணத்தில் சிலர் சேர்க்கும் கொக்கோவும் அந்நாட்டுக்கு மிகப் பழையது. குவாத்தமாலாவின் வடபகுதியான பெத்தேனில், ரியோ அசுல் என்னும் பாழடைந்த மாயா நகரின் கல்லறை ஒன்றில் 1984-ஆம் ஆண்டில் ஒரு மூடியிட்ட மண்பாண்டம் கிடைத்தது. அதனுள் ஒட்டியிருந்த வண்டலைச் சோதித்தபோது கொக்கோவின் அடையாளங்கள் காணப்பட்டன.

வாழையும் கரும்பும் கறுவாவும் அங்கே பிறகு சென்றவை. வாழை ஆசியாவின் பயிர். அது ஆப்பிரிக்கா சென்று, அதன் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள கானரித் தீவுகளை அடைந்தது. 1516-ஆம் ஆண்டில் தோமாஸ் தே பெர்லாங்கா என்னும் பாதிரியார் அத்தீவுகளிலிருந்து வாழைக்கன்றுகளைச் சாந்தோ தொமிங்கோவுக்குக் கொண்டு சென்றார் என்று, அக்காலத்து ஸ்பானிஷ் சரித்திராசிரியரான ஒவியேதோ எழுதி வைத்திருக்கிறார். கரும்பு 1493-இல் கொலம்பஸின் இரண்டாம் யாத்திரையில் அக்கரை சேர்ந்தது. கறுவாவோ இலங்கைத் தீவின் மரம். இவ்வாறு வேறு வேறு திசைகளிலிருந்து வந்த பொருள்களை ஒரு கைப்பிடியில் ஒன்று சேர்த்தவர்கள் அந்நாட்டுச் சமையலறைப் பெண்களே.

பிளாத்தனோ வாழை

குவாத்தமாலாவில் வாழையை இரு வகையாகப் பிரித்தே பேசுவர். பழுத்ததும் உரித்து உண்பதற்குரியது ‘பனானோ’. சமைத்து உண்பதற்குரியது ‘பிளாத்தனோ’. முதல்வகை ஏற்றுமதிக்கு உரியது. 1899-இல் ஏற்பட்ட யுனைட்டெட் ஃப்ரூட் கம்பெனியின் காலம் தொட்டு அது பெருந்தோட்டங்களில் விளைவிக்கப்பட்டு, காயாக இருக்கும்போதே வெட்டப்பட்டு, குளிரூட்டிய கப்பல்களில் வெளிநாடு செல்கிறது. அக்காய்கள் பழுப்பது கடல் கடந்த பின்னரே. ஆகவே, அவற்றில் கரும்புள்ளி விழுவதைப் பயிரிட்டவர் பார்ப்பதேயில்லை. பிளாத்தனோவிலும் ஒரு பகுதி ஏற்றுமதியாகிறதாயினும், நாட்டு மக்களின் அன்றாட ஆகாரத்தில் அதற்குப் பெரிய இடம் உண்டு. பசிபிக் கடற்கரையை அடுத்த சான் மார்க்கோஸ், எஸ்குயின்த்லா முதலிய மாவட்டங்களில் சிறு விவசாயிகளும் அதனைப் பயிரிடுகின்றனர்.

பிளாத்தனோவின் காய் நீண்டு, பருத்து, விளிம்பு எழும்பி, தோல் தடித்திருக்கும். தாரில் சீப்புகளும் காய்களும் குறைவு. ஒவ்வொரு காயும் பெரியது. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி, கோயம்புத்தூர் முதலிய ஜில்லாக்களில் பயிராகும் நேந்திரன் வாழையும் இதே கூட்டத்தைச் சேர்ந்தது. ஆகையால், இப்பலகாரத்துக்கு நேந்திரனே ஏற்றது. பூவன், ரஸ்தாளி போன்ற பழங்கள் வெந்தால் குழைந்து நீர்த்துப் போகும், உருட்டுவதற்கு நிற்கமாட்டா.

பழுக்கும் விதமும் பக்குவம் அறிதலும்

முற்றிய காய் பழுக்கத் தொடங்கும்போது அதிலிருந்து எத்திலீன் என்னும் வாயு வெளிப்படுகிறது. ஒரு காயில் பிறக்கும் அவ்வாயு அடுத்த காய்களையும் பழுக்கத் தூண்டும். அப்போது சதையிலுள்ள மாச்சத்து படிப்படியாகச் சர்க்கரையாக மாறுகிறது. சாதாரண வாழைக்காயில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கு மாச்சத்து இருக்குமாயின், நன்கு பழுத்தபின் 1 அல்லது 2 பங்கே எஞ்சும், மற்றது சர்க்கரையாகிவிடும். சமையல் வாழையில் இம்மாறுதல் மெதுவாகவும் முழுமையில்லாமலும் நடைபெறுகிறது. அது மஞ்சளாகி, கரும்புள்ளி விழுந்த பிறகும் ஓரளவு மாச்சத்தைத் தன்னிடம் வைத்திருக்கும். இனிப்பைக் கொடுப்பது மாறிய பங்கு. மாவைப் பிணைத்து உருண்டையாக நிற்கச் செய்வது மாறாத பங்கு. இரண்டும் வேண்டிய அளவில் கலந்திருக்கும் நாட்கள் சிலவே. அவற்றைக் கீழ்க்கண்டவாறு அறியலாம்:

1. தோல் பச்சையாக இருக்கும் காய்: மாச்சத்து மிகுதி, இனிப்பு இல்லை. வறுவலுக்கும் கூட்டுக்கும் ஆகும். ரெயெனீத்தோவுக்கு ஆகாது.

2. தோல் முழுவதும் மஞ்சளான பழம்: வேகவைத்து உண்ண ஏற்றது. மசித்தால் மாவு சற்று விறைப்பாக இருக்கும், உருட்டும்போது வெடிக்கும்.

3. மஞ்சளில் ஏராளமான கரும்புள்ளி விழுந்து, ஏறக்குறையப் பாதித்தோல் கறுத்து, அழுத்தினால் இலேசாக இணங்கிக் கொடுக்கும் பழம்: ரெயெனீத்தோவுக்குரிய பக்குவம் இதுவே.

4. தோல் முழுவதும் கறுத்து, சதை தளர்ந்த பழம்: இனிப்பு மிகுதி; பிணைப்புக் குறைவு. இதனைத் தனியே மசித்தால் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு கலைந்துவிடும். குவாத்தமாலாவில் இத்தகைய பழத்தைச் சாய்வாக நறுக்கிப் பொரித்துக் காலை ஆகாரத்தில் பீன்ஸுடன் உண்பர். மூன்று புள்ளிப் பழங்களுடன் இத்தகைய பழம் ஒன்றைச் சேர்த்து மசித்தால், சர்க்கரை சேர்க்காமலே மாவு இனிப்பாக இருக்கும்.

தோல் கறுத்தது மட்டும் பழத்தைத் தள்ளுவதற்குக் காரணமாகாது. சதை வெள்ளை அல்லது இளமஞ்சள் நிறமாக, நல்ல மணத்துடன் இருத்தல் வேண்டும். புளித்த வாடை, கசியும் நீர், காம்பருகில் பூசணம் ஆகியவை காணப்பட்டால் அப்பழத்தை மனிதர் உணவுக்கு எடுத்தலாகாது.

வேண்டிய பொருள்கள்

சுமார் 12 ரெயெனீத்தோக்கள் செய்யக் கீழ்க்கண்டவை போதுமானவை:

நேந்திரன் போன்ற பெரிய பழங்கள் 4 (தோலுடன் சுமார் 1,100 கிராம், தோல் நீக்கினால் சுமார் 700 கிராம்).
உலர்ந்த கறுப்பு பீன்ஸ் 100 கிராம்.
சர்க்கரை, பூரணத்துக்கு 3 மேசைக்கரண்டி. மேலே தூவச் சிறிது.
கறுவாப்பட்டை, விரல் நீளத்தில் 1 துண்டு. தூள் அரைத் தேக்கரண்டி.
இனிப்பில்லாத கொக்கோத்தூள், விரும்பினால் 1 மேசைக்கரண்டி.
உப்பு 1 சிட்டிகை.
பொரிப்பதற்கு வேண்டிய எண்ணெய்.

பூரணம் தயாரித்தல்

பூரணத்தை முதல் நாளே செய்து வைத்தல் நலம். பீன்ஸ் விதையைக் கல் நீக்கிக் கழுவி, இரவு முழுவதும் ஏராளமான தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி அடுப்பிலேற்ற வேண்டும். இவ்விதையைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்டால் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடிய லெக்டின் என்னும் பொருள் இவ்வினத்து விதைகளில் இருக்கிறது. மந்தமான சூட்டில் வெகுநேரம் வைத்திருப்பதால் அது அழியாது. ஆகவே, தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் குறைந்தது 10 நிமிஷமாவது அக்கொதி குறையாமல் காய்ச்சி, அதன்பின் தணலைக் குறைத்து, விரலால் நசுக்கினால் மாவாகும் வரையில் வேகவைக்க வேண்டும்.

வெந்த விதையை வடிகட்டி, நீரைத் தனியே வைத்துக்கொண்டு, விதையை அம்மியிலோ யந்திரத்திலோ மழுங்க அரைக்க வேண்டும். அரைப்பதற்கு அவசியமானால் வடித்த நீரில் சில கரண்டி சேர்க்கலாம். வாணலியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, அரைத்த விழுதைப் போட்டுக் கிளற வேண்டும். சர்க்கரை, உப்பு, கறுவாத்தூள், கொக்கோ ஆகியவற்றை இப்போது சேர்க்கலாம். சர்க்கரை இளகுவதால் விழுது முதலில் தளரும், பின்னர் இறுகும். வாணலியைச் சாய்த்தால் விழுது ஒட்டாமல் ஒரே திரளாகப் புரண்டு வர வேண்டும். குவாத்தமாலாவில் இப்பதத்துக்கு வந்த பீன்ஸைப் ‘புரட்டியது’ என்னும் பொருளுடைய சொல்லாலேயே வழங்குகின்றனர். இப்பதம் வருமுன் இறக்கிவிட்டால், பொரிக்கும்போது பூரணத்திலுள்ள ஈரம் ஆவியாகி மேல்மாவை உடைத்துக்கொண்டு வெளிவரும்.

மேல்மாவு தயாரித்தல்

பழங்களைக் கழுவி, இரு முனைகளையும் நறுக்கி, தோலை உரிக்காமலே ஒவ்வொன்றையும் மூன்று நான்கு துண்டுகளாக வெட்ட வேண்டும். தோலுடன் வேகவைப்பதற்குக் காரணம் உண்டு: தோல் ஒரு கவசம் போல் நின்று, சதையினுள் தண்ணீர் புகுவதையும், சதையின் இனிப்புத் தண்ணீரில் கரைவதையும் தடுக்கிறது. துண்டுகள் மூழ்குமளவு தண்ணீருடன் கறுவாப்பட்டையையும் போட்டு, மிதமான கொதியில் 15 முதல் 20 நிமிஷம் வேகவைத்தால் போதும். தோல் பிளந்து, சதையில் ஈர்க்கு எளிதாக இறங்கினால் வெந்துவிட்டதென்று அறியலாம். அதற்கு மேலும் கொதிக்க விடுதல் தவறு. இட்டலிக் கொப்பரையில் ஆவியிலேயே வேகவைத்தால் ஈரம் இன்னும் குறைவாக இருக்கும்.

உடனே தண்ணீரை முற்றிலும் வடித்து, கை பொறுக்கும் சூட்டில் தோலை உரித்து, நடுவிலுள்ள கரிய விதைக்கோட்டை எடுத்துவிட்டு, சூடாக இருக்கும்போதே மசிக்க வேண்டும். சூடு ஆறிய பின் மசித்தால் கட்டிகள் நிற்கும். கட்டியின்றி மசிந்ததும், தட்டில் பரப்பி, வெதுவெதுப்பாகும் வரையில் ஆறவிட வேண்டும். அந்த இடைவேளையில் மாவிலுள்ள மிகுதியான ஈரம் ஆவியாகிப் போகும். மாச்சத்தும் சற்று இறுகும். பிறகு நாலைந்து முறை பிசைந்தால், சப்பாத்தி மாவு போலக் கையில் ஒட்டாமல் திரண்டு வரும்.

உருட்டலும் பொரித்தலும்

கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பெரிய எலுமிச்சம்பழ அளவு, அதாவது ஏறக்குறைய 55 கிராம் மாவை எடுத்து உள்ளங்கையில் தட்ட வேண்டும். தட்டு நடுவில் சற்றுக் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் இருத்தல் நலம். அதன் நடுவே 15 கிராம் அளவு பூரணத்தை வைத்து, ஓரங்களைச் சேர்த்து மூடி, முட்டை வடிவில் உருட்ட வேண்டும். எவ்விடத்திலும் பூரணத்தின் கருமை வெளியே தெரியலாகாது. தெரிந்தால், அவ்விடத்தில் சிறிது மாவை வைத்துத் தடவி அடைத்துவிடலாம். உருட்டியவற்றை அரைமணி நேரம் ஆறவைத்துப் பின்னர்ப் பொரித்தால் வெடிப்புக் குறையும்.

எண்ணெய் இரு விரற்கடை ஆழமாவது இருத்தல் வேண்டும். அதன் சூடு 175 முதல் 180 டிகிரி சென்டிகிரேட் இருத்தல் நன்று. வெப்பமானி இல்லாதவர்கள் சிறு கடுகளவு மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்க்கலாம்: அடியில் தங்கினால் சூடு போதாது, போட்டவுடன் கருகினால் சூடு மிகுதி, அடியைத் தொட்டு உடனே நுரையுடன் மேலெழுந்தால் பதம் சரி. ஒரே சமயத்தில் நாலைந்துக்கு மேல் போட்டால் எண்ணெயின் சூடு தணிந்து, பண்டம் எண்ணெயைக் குடிக்கும். உள்ளே இருப்பவை யாவும் முன்னரே வெந்தவையாதலால், மேற்புறம் பொன்னிறத்தைக் கடந்து செம்பழுப்பானவுடன் எடுத்துவிடலாம். பழத்தில் சர்க்கரை அதிகமாகையால் நிறம் விரைவில் ஏறும். கண் அகலாமல் பார்த்திருத்தல் வேண்டும். வடிதட்டில் எண்ணெயை வடியவிட்டு, இலேசாகச் சர்க்கரையைத் தூவிப் பரிமாற வேண்டும்.

நேரக்கூடிய பிழைகளும் பரிகாரமும்

உருட்டும்போது மாவு வெடித்தால், பழம் போதிய அளவு பழுக்கவில்லை என்பது பொருள். வெந்த நீரில் ஒரு கரண்டி தெளித்து மீண்டும் பிசைந்தால் இணங்கும். மாவு கையில் ஒட்டித் தளர்ந்திருந்தால், பழம் மிகுதியாகப் பழுத்திருக்கிறது அல்லது தண்ணீர் நன்றாக வடியவில்லை. அப்போது வாணலியில் இளஞ்சூட்டில் மாவைச் சில நிமிஷம் கிளறி ஈரத்தைப் போக்க வேண்டும். அதிலும் நேராவிடில் 2 கரண்டி கோதுமை மாவையோ ரொட்டித்தூளையோ சேர்க்கலாம். மாவுப்பொருள் மிகுதியாகச் சேர்ந்தால் பழத்தின் சுவை மங்கும். எண்ணெயில் உடைந்து போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு: நீர்த்த பூரணம், சரியாக மூடாத ஓரம், போதாத சூடு.

அண்டை நாட்டு முறை

குவாத்தமாலாவின் தென்கிழக்கே அமைந்துள்ள எல் சல்வதோரில் இதே மேல்மாவைக் கொண்டு செய்யும் பண்டத்தை ‘எம்பனாதா’ என்பர். அங்கே பீன்ஸுக்குப் பதிலாகப் பாற்கூழை வைப்பதும் உண்டு. அரை லிட்டர் பாலில் 4 மேசைக்கரண்டி மக்காச்சோள மாவையும், 4 மேசைக்கரண்டி சர்க்கரையையும், ஒரு கறுவாத் துண்டையும் சேர்த்து, கட்டி தட்டாமல் கிளறிக் காய்ச்சி, இறுகியதும் முற்றிலும் குளிரவிட்டு எடுத்தால் அப்பூரணம் கிடைக்கும். பால் மிகுந்த வீடுகளுக்கு இது பொருந்தும். பாற்கூழ் வைத்த பண்டத்தை அன்றே உண்டுவிட வேண்டும்.

ஆகார குணம்

சமையல் வாழையில் 100 கிராமுக்குச் சுமார் 32 கிராம் மாவும் சர்க்கரையும் சேர்ந்த சத்தும், சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியமும் உண்டு. புரதமோ ஏறக்குறைய 1 கிராமே. உலர்ந்த கறுப்பு பீன்ஸில் புரதம் 100 கிராமுக்கு 21 கிராமுக்குக் குறையாது. இரும்பும் நார்ச்சத்தும் உண்டு. ஆகவே, பழத்தில் இல்லாததைப் பூரணம் ஓரளவு ஈடு செய்கிறது. குவாத்தமாலா நகரில் 1949-இல் தொடங்கப்பெற்ற மத்திய அமெரிக்கப் போஷாக்கு ஸ்தாபனம், மக்காச்சோளத்துடன் பீன்ஸைச் சேர்த்து உண்பதன் நன்மையை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறது. 1970-களில் அந்நாட்டுச் சர்க்கரையில் வைட்டமின் ‘ஏ’ கலக்கும் ஏற்பாடும் அதன் முயற்சியால் விளைந்ததே.

ஆயினும் இது எண்ணெயில் பொரித்த இனிப்புப் பண்டம் என்பதை மறத்தலாகாது. வளரும் குழந்தைகளுக்கும் வயலில் உழைப்பவர்களுக்கும் ஒன்றிரண்டு தகும். நீரிழிவு நோயுள்ளவர்கள் வைத்தியரின் யோசனையின்றி உண்ணலாகாது.

பாதுகாப்பும் விற்பனையும்

பொரித்ததை அன்றே செலவிட வேண்டும். உருட்டிப் பொரிக்காமல் வைத்தவை குளிர்பெட்டியில் ஒரு நாள் கெடாமலிருக்கும். புள்ளி விழுந்த பழம் ஒரே சமயத்தில் மிகுதியாகச் சேர்ந்துவிட்டால், வேகவைத்து மசித்த மாவை உறைநிலைப் பெட்டியில் வைத்துப் பின்னர் உபயோகிக்கலாம். பச்சைக்காயையோ மஞ்சள் பழத்தையோ 13 டிகிரிக்குக் குறைந்த குளிரில் வைப்பது நன்றன்று. அக்குளிரில் தோல் கறுக்குமேயன்றிப் பழம் சரியாகப் பழுக்காது. அத்தகைய கருமையைப் பழுத்த கருமை என்று எண்ணி ஏமாறலாகாது.

விற்பனைக்காகச் செய்யும் மகளிர் குழுக்கள், பழத்தின் விலையோடு எண்ணெய், விறகு அல்லது காஸ், பீன்ஸ், கூலி ஆகிய யாவற்றையும் கணக்கில் எழுதுவது அவசியம். பழம் சொந்தத் தோட்டத்தினது என்பதனால் அதனை இலவசமாகக் கணக்கிடுவது பிழை. அன்று சந்தையில் அப்புள்ளிப் பழத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய விலையைச் செலவில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்த பின்னும் மீதி நின்றாலே அது இலாபம். ஒருமுறை காய்ச்சிய எண்ணெயைக் கறுத்துக் கசக்கும் வரையில் மீண்டும் மீண்டும் உபயோகிப்பதைக் கிராம அதிகாரிகள் அனுமதித்தலாகாது.

பயிரைக் காத்தல்

பலகாரத்துக்கு மூலம் தோட்டமாகையால், மத்திய அமெரிக்கச் சமையல் வாழைக்கு நேர்ந்த ஆபத்துக்களையும் அறிந்துகொள்வது பயன் தரும். கறுப்புச் சிகடோகா என்னும் இலைப்புள்ளி நோய் 1972-இல் ஹொண்டுராஸில் காணப்பட்டு, அங்கிருந்து அண்டை நாடுகளுக்கும் பரவியது. இலை காய்ந்தால் காய் பருக்காது. முற்றுமுன்னரே பழுத்தும் போகும். ஏற்றுமதித் தோட்டங்களில் மருந்து தெளிப்பது போலச் சிறு விவசாயி தெளிக்க இயலாது. அவரை முன்னிட்டு, 1984-இல் ஏற்பட்ட ஹொண்டுராஸ் விவசாய ஆராய்ச்சி ஸ்தாபனம் அந்நோயைத் தாங்கக்கூடிய ஒட்டினச் சமையல் வாழைகளை உண்டாக்கியது. அவற்றுள் ‘ஃபியா-21’ பெயர் பெற்றது. 2020 நவம்பரில் ஏட்டா, அயோட்டா என்னும் இரு புயல்கள் இரண்டு வார இடைவெளிக்குள் ஹொண்டுராஸையும் குவாத்தமாலாவையும் தாக்கியபோது, பள்ளத்தாக்குகளிலிருந்த வாழைத் தோட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. 2019-இல் கொலம்பியாவிலும், 2021-இல் பெருவிலும், வாழை வாடல் நோயின் கொடிய வகை ஒன்று உறுதி செய்யப்பட்டது. அதன் விஷக்கிருமி மண்ணில் பல பத்தாண்டுகள் தங்கும். கன்றிலும், கருவியிலும், செருப்பில் ஒட்டிய சேற்றிலும் பிரயாணம் செய்யும். அது புகுந்த நிலத்தை மருந்தினால் சுத்தம் செய்ய வழியில்லை. அயல் தோட்டத்திலிருந்து தெரியாத கன்றைக் கொண்டுவந்து நடாதிருப்பதே முதற்காப்பு.

முடிவுரை

வாழைப்பழத்துக்குள் பூரணம் வைத்துப் பொரிக்கும் யோசனை குவாத்தமாலாவுக்கு மட்டும் தோன்றியதன்று. மலபார்க் கரையில் முஸ்லிம் குடும்பங்கள் நேந்திரம்பழத்தை வேகவைத்து மசித்து, தேங்காய்த்துருவலும் சர்க்கரையும் முந்திரியும் ஏலமும் உள்ளே வைத்து, இலவங்காய் வடிவில் உருட்டிப் பொரித்து ‘உன்னக்காய்’ என்று வழங்குகின்றனர். ஒன்றையொன்று அறியாத இரு நாட்டுச் சமையலறைகள், ஒரே பழத்தின் ஒரே பக்குவத்தைக் கண்டு, ஒரே வழிக்கு வந்திருக்கின்றன. அப்பக்குவத்தின் உண்மைக்கு இதனினும் வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆகையால், தாரை வெட்டும் விவசாயி இனி மூன்று பங்காகப் பிரித்துப் பார்ப்பது நல்லது: காயாகவே விற்க வேண்டியது ஒன்று, மஞ்சளில் விற்க வேண்டியது ஒன்று, அடிபட்டும், தாரிலிருந்து உதிர்ந்தும், விற்காமல் மீந்தும் நிற்பது ஒன்று. மூன்றாவது பங்கைக் குப்பைக்குழியில் கொட்டுமுன், நிழலான இடத்தில் பரப்பி வைத்து, நாள்தோறும் காலையில் ஒருமுறை திருப்பிப் பார்க்கட்டும். பாதித்தோல் கறுத்து, விரலுக்கு இலேசாக இணங்கும் நாளில் அதனைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டால், தோட்டத்தில் கழிந்ததென்று எழுதிய கணக்கு வீட்டில் வரவாக மாறும்.